மலை ஜல்லியாகிறது, தரைக்குப் பளிங்கு வருகிறது

கன்னியாகுமரி மாவட்டத்தின் சாலைகளில் இரண்டு வகைக் கற்கள் பயணம் செய்கின்றன. ஒன்று, களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குச் செல்லும் கருங்கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும். மற்றொன்று, மரச்சட்டங்களுக்கிடையே நிறுத்திக் கட்டப்பட்டு, தார்ப்பாய் போர்த்தப்பட்டு, ராஜஸ்தானிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளிலிருந்தும் வந்து சேரும் பளபளப்பான பலகைக் கற்கள். முதல் வகை டன் கணக்கில் விற்கப்படுகிறது. இரண்டாம் வகை சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

வீட்டுக்கோ விடுதிக்கோ கல் தேர்ந்தெடுப்பது அவரவர் ரசனையையும் பணப்பையையும் பொறுத்த விஷயம் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உள்ளலங்காரப் பத்திரிகைகளுக்கு உரிய தலைப்பை நாளிதழின் கருத்துப் பக்கத்தில் எதற்காக எழுத வேண்டும் என்றும் கேட்கலாம். குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை இது ரசனையோடு முடிகிற விஷயமன்று. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதைக் காண வருவோரை எதிர்பார்த்துக் கடலோரத்தில் விடுதிகளும், வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் உள்ளூரில் பெரிய வீடுகளும் எழுந்துகொண்டிருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் கல்லைக் கேட்கின்றன. அஸ்திவாரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நம் மலையைக் கேட்கின்றன. கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கு வேறு எவருடைய மலையையோ கேட்கின்றன.

இன்று கல் தேர்வு எப்படி நடக்கிறது? கட்டட வடிவமைப்பாளர் கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்புகிறார். உரிமையாளர் அதே படத்தைக் கடைக்காரருக்கு அனுப்புகிறார். கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயரோ கல் எங்கே பிறந்தது என்பதைச் சொல்லாது. ‘காஷ்மீர் ஒயிட்’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற கல், காஷ்மீரத்தை ஒருநாளும் கண்டதில்லை. அது நம் மதுரை வட்டாரத்துக் கல். ‘பிளாக் கேலக்ஸி’ ஆந்திரத்தின் சீமகுர்த்தியில் எடுக்கப்படுகிறது. ‘டான் பிரவுன்’ தெலங்கானாவின் கரீம்நகர் பக்கத்தைச் சேர்ந்தது. ‘இத்தாலியன் மார்பிள்’ என்பதோ, நம் கடைகளில் ஒரு நாட்டைக் குறிப்பதை விட்டு ஒரு விலைப்பிரிவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. துருக்கிக் கல்லும் அந்தப் பெயரில் அடங்கிவிடும். அரிசிக்கும் வாழைப்பழத்துக்கும் ஊர்ப்பெயர் கேட்டு வாங்கும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள், தலைமுறைகள் நடக்கப்போகும் தரைக்கு ஊர்ப்பெயர் கேட்பதில்லை.

நம் காலடியில் இருப்பது என்ன கல் என்பதையும் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். வியாபாரத்தில் கடினமான எல்லாக் கல்லும் ‘கிரானைட்’தான். நிலவியலாளரின் கணக்கில் குமரியின் பாறைகளில் கணிசமானவை சார்னோகைட், கோண்டலைட் என்ற இனங்களைச் சேர்ந்தவை. சார்னோகைட் என்ற பெயருக்குப் பின்னே ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்கு வித்திட்ட ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை, சென்னைப் பல்லாவரத்துப் பாறையில் செதுக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், அந்தப் பாறையினத்துக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார். தமிழ்நாட்டுக் கல் ஒன்று, வங்கத்தில் புதைந்த ஆங்கிலேயரின் பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறது. பெயர் மாறாட்டம் நம் கற்களுக்குப் புதிதன்று.

கோண்டலைட்டில் கார்னெட் என்னும் செந்நிறக் கனிமம் மிகுதி. மலையில் அது மழையில் கரைந்து உதிர்ந்து, ஆறுகள் வழியே கடலை அடைந்து, அலையால் மீண்டும் கரையில் ஒதுக்கப்படுவதால்தான் குமரிக் கடற்கரையின் மணல் சில இடங்களில் சிவந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பொட்டலம் கட்டி வாங்கிச் சென்ற அந்த நிறமணல், மலையின் மெதுவான சிதைவு. கல் அழியாதது என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தாலும், குமரியின் கடற்கரை அதற்கு நேர்மாறான சாட்சியாகவே கிடக்கிறது.

இதை நன்கு அறிந்திருந்தவர்கள் சிற்பிகள். கல்லை உளியால் தட்டி, அதன் ஓசையைக் கேட்டுப் பிரிப்பது சிற்ப மரபு. மணியோசை போல நெடிது ஒலிப்பது ஆண் கல். தாளத்தின் ஓசை தருவது பெண் கல். ஓசையற்றது இரண்டிலும் சேராதது. மூலவருக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று என்று இடம் வகுக்கப்பட்டது. கல்லுக்கு இளமை, நடுவயது, முதுமை என்று வயதும் சொன்னார்கள். இன்றைய காதுக்கு இது நம்பிக்கை சார்ந்த பேச்சாகத் தோன்றலாம். ஆனால் உள்ளே விரிசலோ குழியோ மட்கிய பகுதியோ உள்ள கல்லில் ஒலி அதிராமல் அடங்கிவிடும் என்பது எளிய இயற்பியல். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு, ஓசையை அறிந்து கல்லைத் தேர்வது எவ்வளவு நுட்பமான கலையாக வளர்ந்திருந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலின் ஒற்றைக்கல் மண்டபத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். எந்தக் கல் எதற்கு என்ற கேள்விக்கு விடை தெரிந்த பின்பே இங்கே உளியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். நாமோ நிறத்தைப் பார்த்துக் கல்லை வாங்கிவிட்டு, அதை எங்கே பதிப்பது என்று பிறகு யோசிக்கிறோம்.

கடலோரத்தில் கல்லுக்கு என்ன நேரும் என்பதை அறிய, நம் மாவட்டத்தின் மிகப் பெரிய கற்கட்டுமானத்தையே பார்க்கலாம். கணபதி ஸ்தபதியின் தலைமையில் உருவாகி, 2000 ஜனவரி 1 அன்று திறந்துவைக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, ஏறக்குறைய 7,000 டன் கல்லால் ஆனது. அதில் பெரும்பகுதி அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல். நன்கு தேர்ந்து எடுக்கப்பட்ட கடினமான கல்தான். அதற்கும் கடற்காற்றிலிருந்து காவல் தேவைப்படுகிறது. கல்லில் படிந்த உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுத்து, மேலே ரசாயனக் கலவை பூசும் பணி, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் மேற்கொள்ளப்படுகிறது. உப்பு கரைந்த ஈரம் கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, வெயிலில் உலரும்போது உள்ளேயே படிகமாகிப் பெருக்கிறது. அந்த அழுத்தத்தில் கல்லின் மேற்பரப்பு துகள்துகளாக உதிர்கிறது. ஏழாயிரம் டன் கருங்கல்லுக்கே இந்தப் பராமரிப்பு வேண்டுமென்றால், கடலைப் பார்த்த விடுதியின் முகப்பில் ஒட்டப்படும் மணற்கல்லின் கதி என்ன?

எண்களாகவே சொல்லலாம். கட்டடத்துக்கான கிரானைட், தன் எடையில் 0.4 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பது உலக அளவில் பின்பற்றப்படும் அளவுகோல். மணற்கல்லுக்கு அதே அளவுகோல் 8 விழுக்காடு வரை இடம் தருகிறது. வறண்ட ராஜஸ்தானில் நூற்றாண்டுகளாக நிற்கும் மணற்கல் மாளிகையைப் படத்தில் பார்த்து மயங்கி, இரண்டு பருவமழையும் கடற்காற்றும் தாக்கும் குமரியில் அதைப் பதிப்பவர்கள், சில ஆண்டுகளில் பச்சைப் பாசியையும் உதிரும் பொருக்கையும் காண்கிறார்கள். குற்றம் கல்லுடையதன்று, அதை இடம் மாற்றியவர்களுடையது.

பளிங்கின் சிக்கல் வேறு. அது நீரை அதிகம் குடிப்பதில்லை, ஆனால் மென்மையானது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பளிங்கின் எண் 3. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸின் எண் 7. விருந்தினரின் செருப்போடு வரும் ஒவ்வொரு மணலும் வரவேற்புக் கூடத்தின் பளிங்குத் தரையில் ஒரு கீறல் போடுகிறது. கடற்கரை விடுதிக்குப் பளிங்குத் தரை என்பது, உப்புத்தாளை உள்ளே அழைத்துவந்து நடக்கவிடுவதற்குச் சமம். ஆண்டுதோறும் மீண்டும் மெருகேற்றுவதற்கான செலவை எவரும் முதல் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. வீட்டுச் சமையலறையில் புளியும் எலுமிச்சையும் தயிரும் புழங்குகின்றன. பளிங்கு சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது; புளிப்பு பட்ட இடம் மெருகிழந்து திட்டுத்திட்டாக வெளுக்கும். எந்தப் பூச்சும் இதை முற்றாகத் தடுக்காது. நம் முன்னோர் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கருங்கல்லில் செய்தது சிக்கனத்துக்காக மட்டுமன்று.

வெண்ணிறக் கிரானைட்டுக்கும் ஒரு குணம் உண்டு. அதிலுள்ள செம்புள்ளிகள் பெரும்பாலும் கார்னெட். கார்னெட்டில் இரும்பு இருக்கிறது. ஈரம் விடாமல் ஊறினால் அது துருவாகி மஞ்சள் கறையாகப் பரவும். வாங்குமுன் ஒரு துண்டை வாங்கி, சில நாள் நீரில் ஊறவைத்துப் பார்ப்பது மிக மலிவான சோதனை. கறுப்புக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்கும் வழக்கமும் உண்டு. தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் கறுப்பு கையோடு வந்துவிடும். நீச்சல் குளத்தைச் சுற்றிப் பளபளப்பான கல்லைப் பதிப்பது, வழுக்கி விழுவதற்கு அழைப்பிதழ் அடிப்பது. அங்கே தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டோ கொத்துவேலை செய்த கல்லோதான் பொருந்தும். சுவரில் கல்லைப் பிடித்துநிறுத்தும் கொக்கிகள் சாதாரண எஃகாக இருந்தால், கல் நன்றாக இருக்கும்போதே கொக்கி துருப்பிடித்துப் பலகை கீழே விழும். கடலோரத்தில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு என்பது ஆடம்பரமன்று. இவ்வளவையும் ஒரு கருத்துக் கட்டுரையில் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம், கடையில் எவரும் இதைச் சொல்வதில்லை என்பதே.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவருக்குத் துணையாகக் கல் கடைகளுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கடையிலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இது எந்தக் குவாரிக் கல்?” ஒருவர், “கிருஷ்ணகிரி ஃபேக்டரியில இருந்து வருது” என்றார். ஆலையின் பெயர் தெரியும்; மலையின் பெயர் தெரியாது. இன்னொருவர் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, இத்தனை வருசத்துல இதை யாரும் கேட்டதில்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை; நான் கேட்டது அவருடைய வியாபாரத்தில் இல்லாத ஒரு தகவல்.

அந்தத் தகவல் இல்லாமல் போனதன் விலையை மதுரை மாவட்டம் கொடுத்திருக்கிறது. அங்கு நடந்த சட்டவிரோதக் கிரானைட் எடுப்பால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று 2012-இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் மதிப்பிட்டார். பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கை, இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றது. கண்மாய்களும் புறம்போக்கு நிலங்களும் தொன்மைச் சின்னங்கள் உள்ள குன்றுகளும் எவ்வாறு பாதிக்கப்பட்டன என்பது பல ஆண்டுகள் செய்தியாக வந்தது. அந்த மலைகளிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட கற்கள் எங்கே போயின? உலகின் பல மூலைகளில் விடுதிகளின் வரவேற்புக் கூடங்களாகவும் சமையலறை மேடைகளாகவும் அவை இருக்கின்றன. அவற்றின் மேல் நடப்பவர்களுக்குக் கீழவளவு என்றோ மேலூர் என்றோ ஒரு பெயரும் தெரியாது. இதே மதுரையில்தான் அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்துசெய்தது. ஊர் மக்கள் மலையின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்ததால்தான் அது நடந்தது.

குமரியின் நிலை மதுரையினின்று வேறுபட்டது. இங்கே பிரச்சினை அலங்காரக் கல்லைவிடச் சாதாரணக் கல்லைச் சார்ந்தது. சட்டத்திலேயே இவை இரண்டும் வேறு வேறு. உடைத்து ஜல்லியாக்கும் கல்லுக்கு ஒருவகைக் குத்தகை. பலகையாக அறுக்கும் கிரானைட்டுக்கு வேறு விதிகள். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கான ஒப்பந்தம் 2015-இல் கையெழுத்தானது. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவருக்கான கல்லுக்குக் கேரளத்திலேயே தட்டுப்பாடு நிலவியதும், குமரி, நெல்லை மாவட்டங்களின் கல் எல்லை தாண்டிச் சென்றதும் நாடறிந்த செய்தி. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. ஆனால் வீடுகளுக்கும் சாலைகளுக்குமான தேவை அப்படியே இருக்கிறது. ஆற்று மணல் அரிதான பின், எம்-சாண்டுக்கும் இதே மலைதான் இரை.

விதிகள் இல்லாமலில்லை. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு, தேசியப் பூங்காக்கள், வனவிலங்கு சரணாலயங்கள் முதலியவற்றோடு காப்புக்காடுகளிலிருந்தும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் குவாரி கூடாது என்று விதி செய்தது. 2022 டிசம்பரில் ஒரு திருத்தத்தின் மூலம் காப்புக்காடுகளை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. பதின்மூன்று மாதம் நீடித்த பாதுகாப்பு அது. குமரியின் மலைப்பகுதியில் பெரும்பங்கு கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் அடங்குவதால், இங்கே அந்தத் திருத்தத்தின் பாதிப்பு வேறு சில மாவட்டங்களைவிடக் குறைவாக இருக்கலாம். சரணாலயங்களையொட்டிய ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கப் பணி கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரலில் உறுதிசெய்திருக்கிறது. ஆயினும் ஊர்களுக்கிடையே தனித்து நிற்கும் குன்றுகளுக்கு இப்படிப்பட்ட காவல் கிடையாது. குளத்துக்கு நீர் தருபவையும், ஊருக்கு அடையாளமாக நிற்பவையும் பெரும்பாலும் அத்தகைய சிறு குன்றுகளே.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாயிரம் சதுர அடி வீட்டின் தரை முழுவதற்கும் 18 மில்லிமீட்டர் கனத்தில் கல் பதித்தால், அதன் எடை சுமார் 9 டன். அறுவையிலும் கழிவிலும் வீணாவதைச் சேர்த்து, எடுத்த கல்லில் கால் பங்குதான் பலகையாகிறது என்று கொண்டாலும், 36 டன் பாறை போதும். அதே வீட்டின் கான்கிரீட், சுவர், பூச்சு ஆகியவற்றுக்குத் தேவைப்படும் ஜல்லியும் எம்-சாண்டும் இதைவிடப் பல மடங்கு. ஆக, மலையைத் தின்பது கண்ணுக்குத் தெரியும் பளபளப்பைவிட, அதற்குக் கீழே மறைந்திருக்கும் கட்டுமானமே. ஆடம்பரக் கல்லை மட்டும் பழித்துவிட்டு அமைதி அடைவது சரியான கணக்காகாது. தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு வீடும், ஆண்டில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் ஒவ்வொரு மாளிகையும், அந்த ஜல்லிக் கணக்கில் ஏறுகின்றன. வெளிநாட்டில் வாழும் நம்மவர்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. அந்த ஊர்களின் வழியே நடந்தால் எவரும் காணக்கூடியது அது.

அப்படியானால் தொலைதூரப் பளிங்குக்கு மாற்றாகக் குமரியிலேயே அலங்காரக் கல் குவாரிகளைத் திறக்கலாமா? கூடாது என்பதே என் நிலை. நம் கல்லின் மதிப்பு உயரும், வேலைவாய்ப்பு பெருகும் என்ற வாதம் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் பலகைக் கல்லுக்கு வெடிப்பற்ற பெரும்பாளங்கள் வேண்டும். அவற்றைத் தேடி மலையைத் திறந்து, பொருந்தாததைக் குப்பையாகக் கொட்டும் தொழில் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்ப்பிடிப்பை ஒட்டி, அந்த ஆசைக்கு இடமில்லை. நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே மாதம் பாறை சரிந்து நால்வர் இறந்ததை மறந்துவிட்டு இதைப் பேசவும் முடியாது.

நான் கேட்பது அதைவிடச் சிறியது. ஏற்கெனவே உரிமம் பெற்று இயங்கும் குவாரிகளில், வெடிவைத்து நொறுக்குவதற்கு முன், சிற்பத்துக்கும் கொத்துவேலைக்கும் தகுந்த பாளங்களைத் தனியே பிரித்தெடுக்க வழி செய்ய வேண்டும். மாவட்டத்திலேயே மயிலாடி இருக்கிறது. தலைமுறைகளாகச் சிலை செதுக்கும் ஊர். கல் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பது அங்கே நெடுநாளாகக் கேட்கும் குறை. சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு குன்று ஜல்லியாகிக்கொண்டிருக்கும்போது, சிற்பிக்குக் கல் இல்லை என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? வெடியால் அதிர்ந்த பாறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடியிருக்கும். எல்லாப் பாளமும் உதவாது என்பது உண்மை. ஆப்பு வைத்துப் பிளக்கும் பழைய முறையில் எடுப்பதற்குச் செலவும் கூடும். சாதாரணக் கல்லுக்கான குத்தகையில் பாளம் எடுத்தால் அது எந்தக் கட்டணத்தில் அடங்கும் என்ற சட்டச் சிக்கலும் எழும். மதுரையின் முறைகேடுகளுக்குப் பிறகு அதிகாரிகள் இதில் அஞ்சுவது இயல்பு. ஆனால் அளவுக்கு உச்சவரம்பு வைத்து, சிற்பிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு மட்டும் வழங்குவது போன்ற ஏற்பாட்டுக்கு விதி எழுதுவது அவ்வளவு கடினமானதன்று. தளக்கல், படிக்கல், திண்ணைக்கல், தூண், தொட்டி என்று ஒரு நல்ல விடுதிக்கு வேண்டியவற்றில் பலவும் மயிலாடியின் உளிக்கு எட்டக்கூடியவை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு அதே நாளில் தங்கும் விடுதிக்குத் திரும்பும் பயணி, அங்கே உலகின் எந்த விமான நிலையத்திலும் காணக்கூடிய அதே தரையை மீண்டும் காண விரும்புவாரா என்பதை விடுதிக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும்.

உளியைப் பிடிப்பவரின் நுரையீரலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கருங்கல்லின் தூளில் சிலிக்கா இருக்கிறது. கைஉளியின் இடத்தை மின்அறுவைச் சக்கரம் பிடித்தபின் தூசு நுண்ணியதாகி, மூச்சோடு ஆழத்துக்குச் செல்கிறது. அது தரும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. சிலிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கக்கூடிய செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை, அதை அறுத்த தொழிலாளர்கள் இளவயதிலேயே நோயுற்றதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்துவிட்டது. நம் ஊர்ச் சமையலறை மேடைகளுக்கு அந்தக் கல் இப்போதுதான் நாகரிகமாகிக்கொண்டிருக்கிறது. கல் தொழிலாளர்கள் மிகுந்த ராஜஸ்தான், 2019-இல் இந்த நோய்க்கென்றே ஒரு மாநிலக் கொள்கையை வகுத்தது. தமிழ்நாட்டின் கல் பட்டறைகளில் தண்ணீர் தெளித்து அறுப்பதையும் முறையான முகக்கவசத்தையும் கட்டாயமாக்க, இன்னொரு மாநிலத்தைப் பார்த்துக்கூட நாம் கற்றுக்கொள்ளலாம்.

கல்லின் பிறப்பிடத்தைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்று சொல்வோருக்கு ஒரு தகவல். ஜெர்மனியின் சில மாநிலங்களில், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் கல்லறைக் கற்களுக்கு, அவை குழந்தைத் தொழிலாளர்களைக் கொண்டு செய்யப்படவில்லை என்ற சான்று கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து கல்லறைக் கற்கள் ஏற்றுமதியாவது பழைய வணிகம். எனவே குவாரிவரை தடம் காணும் வித்தை நம் ஏற்றுமதியாளர்களுக்குத் தெரியாததன்று. அங்கே இறந்தவருக்காகக் கேட்கிறார்கள்; இங்கே உயிரோடு குடியிருப்பவர்கள் கேட்பதில்லை.

வரிவிதிப்பும் எதிர்த்திசையில் நகர்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கிரானைட், பளிங்குப் பாளங்களின் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. தொழிலுக்கு இது நன்மை, மறுக்கவில்லை. இன்னொரு பக்கம், கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, தமிழ்நாடும் அதற்கெனச் சட்டம் இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜல்லி விலை உயர்ந்தது. விவாதம் முழுவதும் விலையைப் பற்றியே நடந்தது. அந்த வரியில் ஒரு பங்காவது குன்றுகளை இழந்த ஊர்களுக்கும், கைவிடப்பட்ட குவாரிக் குழிகளுக்கு வேலி போடுவதற்கும் போய்ச்சேருகிறதா என்ற கேள்வி சட்டமன்றத்தில் எழுப்பப்பட வேண்டியது.

அரசு தன் கட்டடங்களில் இருந்தே தொடங்கலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகளுக்கும் பொதுப்பணித் துறைக் கட்டடங்களுக்குமான ஒப்பந்தங்களில், பதிக்கப்படும் கல்லின் குவாரி, குத்தகை விவரம், அறுத்த ஆலை ஆகிய மூன்றையும் எழுத்தில் தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் விடுதிகளுக்கு நட்சத்திரத் தகுதி வழங்கும்போது மழைநீர்ச் சேகரிப்பையும் கழிவு மேலாண்மையையும் கேட்கிறது. அதே படிவத்தில் கல்லின் பிறப்பிடத்துக்கு ஒரு வரி சேரலாம். குவாரியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லாரிக்கும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இப்போதே கட்டாயம். அது இணையவழியிலும் வழங்கப்படுகிறது. ஆலை வாசலில் அந்தச் சீட்டின் பயணம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கல்லோடு செல்வது விலைப்பட்டியல் மட்டுமே. நடைச்சீட்டின் எண்ணை அந்த விலைப்பட்டியலில் அச்சிடச் சொன்னால் போதும். கட்டட அனுமதிக் கோப்பில் அதன் நகலொன்றை இணைப்பதற்கு ஆகும் செலவு ஒரு தாளின் விலை.